கையெழுத்தும் பிரம்பும்

அரசியலுக்குப் போன பள்ளி ஆசிரியரைப் பற்றி நம்மிடம் இரண்டு கதைகள்தான் உண்டு. ஒன்று ஏறிய கதை. சாக்பீஸ் பிடித்த கை செங்கோல் பிடித்தது என்பது அது. மற்றொன்று விழுந்த கதை. நல்ல வாத்தியாராக இருந்த மனுஷர், அரசியலுக்குப் போய்க் கெட்டுப்போனார் என்பது அது. முதல் கதையைக் கட்சிக்காரர்களும் செப்டம்பர் 5-ம் தேதிப் பேச்சாளர்களும் சொல்கிறார்கள். இரண்டாவதைப் படித்த நடுத்தர வர்க்கம், அதாவது நாம், சொல்லிக்கொள்கிறோம். இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சோம்பேறித்தனம். பள்ளிக்கூடம் கீழே, சட்டசபை மேலே என்று முதல் கதை நம்புகிறது. பள்ளிக்கூடம் மேலே, சட்டசபை கீழே என்று இரண்டாவது நம்புகிறது. இரண்டு இடங்களுக்கும் இடையில் நிஜமாக என்ன கொடுக்கல் வாங்கல் நடக்கிறது என்று பார்க்க இரண்டு கதைக்குமே பொறுமை இல்லை.

மு. அப்பாவுவின் விஷயத்தை எடுத்துக்கொள்கிறேன். திருநெல்வேலி மாவட்டத்தின் தெற்கு ஓரத்தில் தாமிரபரணியின் பழைய கால்வாய்கள் எட்டாத ராதாபுரம் தொகுதிக்காரர். பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1996-ல் தமிழ் மாநில காங்கிரசின் சைக்கிள் சின்னத்தில், 2001-ல் சுயேச்சையாக, 2006-ல் தி.மு.க.வின் உதயசூரியனில் என்று ஒரே தொகுதியில் மூன்று முறை வென்றவர். 2016-ல் அ.தி.மு.க.வின் இன்பதுரையிடம் 49 ஓட்டு வித்தியாசத்தில் தோற்றார். 2021-ல் அதே இன்பதுரையை ஐயாயிரத்துச் சொச்சம் ஓட்டில் தோற்கடித்து, அந்த வருஷம் மே 12-ம் தேதி சபாநாயகர் ஆனார். ஏறிய கதை சொல்கிறவர்களுக்கு இதைவிட லட்சணமான சரக்கு கிடைக்காது. 1996-ல் ஆரம்பித்து 2021-ல் முடிப்பார்கள். நடுவில் வரும் 49-ஐ ஒரு துரதிர்ஷ்டம் என்று சொல்லித் தாண்டிப்போவார்கள். எனக்கு அந்த 49-ல்தான் விஷயம் இருக்கிறது என்று படுகிறது.

2016 தேர்தலில் ராதாபுரத்தில் 203 தபால் ஓட்டுகள் செல்லாதவை என்று தள்ளப்பட்டன. தபால் ஓட்டு என்பது பெரும்பாலும் தேர்தல் வேலைக்குப் போகிற அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் போடுகிற ஓட்டு. அந்த ஓட்டோடு ஓர் உறுதிமொழிப் படிவம் போகவேண்டும். ஓட்டுப் போட்டவர் இன்னார்தான் என்று அதில் ஒருவர் சான்றொப்பம் இடவேண்டும். இந்த 203 படிவங்களில் சான்றொப்பம் இட்டது பள்ளித் தலைமை ஆசிரியர். தலைமை ஆசிரியர் கெஜட்டட் அதிகாரி அல்ல, ஆகவே இந்த ஓட்டுகள் செல்லாது. இதுதான் சொல்லப்பட்ட காரணம். 49 ஓட்டில் முடிவான தேர்தலில் 203 ஓட்டுகள், ஒரு வாத்தியாரின் கையெழுத்து போதாது என்பதற்காக, எண்ணப்படாமல் கிடந்தன.

அப்பாவு வழக்குப் போட்டார். மூன்று வருஷத்துக்குமேல் கழித்து, 2019 அக்டோபர் 1-ம் தேதி, சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதி ஜி. ஜெயச்சந்திரன் அந்தத் தபால் ஓட்டுகளையும், 19, 20, 21-ம் சுற்றுகளின் இயந்திர ஓட்டுகளையும் திரும்ப எண்ணச் சொன்னார். அக்டோபர் 4-ம் தேதி நீதிமன்ற வளாகத்திலேயே எண்ணினார்கள். அன்றைக்கே உச்ச நீதிமன்றம் முடிவை அறிவிக்கக் கூடாது என்று தடை விதித்தது. 2021 மே மாதம் அந்தச் சட்டசபையின் ஆயுளே முடிந்தது. அதுவரைக்கும் எண்ணிய கணக்கு வெளியே வரவில்லை.

இதில் அப்பாவுவுக்கு நியாயம் கிடைத்ததா, இன்பதுரைக்கு அநியாயம் நடந்ததா என்பது என் அக்கறை அல்ல. அதைப் பேச இரண்டு கட்சியிலும் வக்கீல்கள் இருக்கிறார்கள். என் கேள்வி வேறு. தேர்தலில் நின்றவர் முன்னாள் ஆசிரியர். ஓட்டுப் போட்டவர்களில் ஆசிரியர்கள் உண்டு. சான்றொப்பம் இட்டவர் தலைமை ஆசிரியர். இத்தனை ஆசிரியர்கள் சேர்ந்த ஒரு விவகாரத்தில், ஆசிரியரின் சொல்லுக்கு இந்த ராஜ்ஜியத்தில் என்ன மதிப்பு என்ற கேள்வி மட்டும் எப்படி எழாமல் போனது?

நான் வங்கியில் குமாஸ்தா. கையெழுத்து என்றால் என்ன என்று எனக்குக் கொஞ்சம் தெரியும். ஒரு காசோலை வந்தால் அதிலுள்ள கையெழுத்தை மாதிரிக் கையெழுத்தோடு ஒப்பிடுகிறோம். முன்பு அட்டையில் இருந்தது, இப்போது திரையில் வருகிறது, அவ்வளவுதான். அப்போது நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: இது அந்த ஆள் போட்டதுதானா? அந்த ஆள் எவ்வளவு பெரியவர் என்று கேட்பதில்லை. கலெக்டரின் கையெழுத்துக்கும் முக்கூடலில் பீடி சுற்றுகிற பெண்ணின் கையெழுத்துக்கும் ஒரே சோதனை. இது ஜனநாயகமான காரியம் என்று யாரும் எங்களைப் பாராட்டியதில்லை என்றாலும், ஜனநாயகம்தான். சான்றொப்பம் என்பது இதற்கு நேர் எதிரான சடங்கு. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட யார் எழுதினார் என்பது முக்கியம். யார் என்பதைவிட அவர் எந்த அந்தஸ்தில் இருக்கிறார் என்பது முக்கியம். பச்சை மையில் போட்டிருந்தால், போட்டவர் நம்மை வாழ்நாளில் பார்த்தே இராவிட்டாலும், நாம் நாம்தான் என்று நிரூபணம் ஆகிவிடுகிறது. ஐந்து வருஷம் ஒரே வகுப்பறையில் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த வாத்தியார் நீல மையில் எழுதித் தந்தால் அது வெறும் காகிதம்.

இத்தனைக்கும் இந்த மண்ணில் வாத்தியாரின் கையெழுத்துக்கு அரசாங்கத்தின் பச்சை மைக்கு முந்திய சரித்திரம் இருக்கிறது. 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் காலத்திலிருந்து இந்த மாவட்டத்துக் கிராமங்களில் மிஷன் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. பிறகு ரோமன் கத்தோலிக்கப் பள்ளிகள், ஜில்லா போர்டு பள்ளிகள். அந்தக் கிராமங்களில் கடிதம் வந்தால் வாசித்துக் காட்டியவர் வாத்தியார். மனு எழுதிக் கொடுத்தவர் வாத்தியார். கொழும்புக்குப் போனவன் அனுப்பிய மணியார்டருக்குச் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர் வாத்தியார். பிள்ளையின் பிறந்த தேதியையே அவர்தான் தீர்மானித்தார். இந்த மாவட்டத்தில் எத்தனையோ பேர் ஜூன் மாதத்தில் பிறந்ததற்கு வேறு காரணம் கிடையாது. அவர் எழுதிய தேதியை வைத்துத்தான் பிற்பாடு அந்தப் பிள்ளை கெஜட்டட் அதிகாரியாகி ரிட்டையரும் ஆயிற்று. அந்தப் பிள்ளையின் கையெழுத்து செல்லும். அதன் வயதை எழுதிய கையின் கையெழுத்து செல்லாது.

ராஜ்ஜியம் ஆசிரியரிடம் வாங்கிக்கொள்ளும் வேலையோ கொஞ்சநஞ்சம் அல்ல. ஜனத்தொகைக் கணக்கெடுக்க வீடுவீடாகப் போகிறவர் ஆசிரியர். வாக்காளர் பட்டியலைத் திருத்துகிறவர் ஆசிரியர். ஓட்டுச்சாவடியில் விடிய விடிய உட்கார்ந்து, மை தடவி, முத்திரை வைத்து, பெட்டியை ஒப்படைத்துவிட்டு, லாரியில் தொற்றிக்கொண்டு ஊர் திரும்புகிறவர் ஆசிரியர். ஒரு முழுத் தேர்தலையே அவரை நம்பி விடலாம். ஆனால் பக்கத்து மேஜைக்காரர் இன்னார்தான் என்று அவர் சொன்னால் நம்பக் கூடாது. இந்த விசித்திரத்தைப் பார்த்துக் கோபப்படாத ஒரு சமூகம் வருஷத்துக்கு ஒரு நாள் ஆசிரியருக்கு மாலை போடுவதை நான் மரியாதை என்று ஒப்புக்கொள்ளமாட்டேன்.

இது ராதாபுரத்தில் ஒரு தேர்தல் அதிகாரி செய்த தவறு மட்டுமல்ல. நம் அரசியல் சாசனத்திலேயே இதற்கு வேர் இருக்கிறது. மேல்சபை உறுப்பினர்களில் பன்னிரண்டில் ஒரு பங்கு பேரை ஆசிரியர்கள் தேர்ந்தெடுக்கலாம் என்று 171-வது பிரிவு சொல்கிறது. நல்லதுதான். ஆனால் யார் அந்த ஆசிரியர்கள்? உயர்நிலைப் பள்ளிக்குக் குறையாத பள்ளிகளில் வேலை பார்ப்பவர்கள். ஆனா ஆவன்னா சொல்லித் தருகிறவருக்கு அதில் ஓட்டு இல்லை. எழுத்தறிவிக்கிறவன் இறைவன் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற நாடு, எழுத்தறிவித்தவரை மட்டும் பார்த்து விலக்கி வைத்துவிட்டு, இலக்கணம் சொல்லித் தந்தவருக்கு ஓட்டுச் சீட்டு கொடுத்தது. பிறகு அந்த மேல்சபையே 1986 நவம்பர் 1-ம் தேதி ஒழிந்தது. 2010-ல் அதைத் திரும்பக் கொண்டுவரச் சட்டசபையில் தீர்மானம் போட்டார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் அதுவும் கைவிடப்பட்டது. மேல்சபை வேண்டும், வேண்டாம் என்று நடந்த இத்தனை சண்டையிலும், ஆரம்பப் பள்ளி வாத்தியாருக்கு அங்கே ஏன் ஓட்டில்லை என்ற கேள்வி ஒரு பெரிய கேள்வியாக எழுந்ததாக எனக்கு நினைவில்லை.

2003 ஜூலையில் வேலைநிறுத்தம் செய்த அரசு ஊழியர்களும் ஆசிரியர்களுமாகச் சுமார் ஒன்றே முக்கால் லட்சம் பேரை ஜெயலலிதா அரசு ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கியது. வேலைநிறுத்தம் செய்யும் உரிமை கிடையாது என்று ஆகஸ்டு 6-ம் தேதி உச்ச நீதிமன்றமும் சொன்னது. பெரும்பாலானவர்களை, மன்னிப்பு எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு, திரும்பச் சேர்த்துக்கொண்டார்கள். இதையும் கவனிக்கவேண்டும். மன்னிப்புக் கடிதத்தில் ஆசிரியரின் கையெழுத்து செல்லும். அதற்குப் பச்சை மை தேவைப்படவில்லை.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கத்தைப் பார்த்தால் தமிழ்நாட்டு அரசியல் போல வாத்தியார்களைக் கொண்டாடிய அரசியல் வேறெங்கும் இல்லை என்று தோன்றும். அண்ணா கொஞ்ச காலம் பள்ளியில் கற்பித்தவர். அன்பழகன் பச்சையப்பன் கல்லூரியில் தமிழ் சொல்லித் தந்தவர். கட்சிக்காரர்களுக்குக் கடைசிவரை 'பேராசிரியர்'. பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்ட எம்.ஜி.ஆரை ரசிகர்கள் 'வாத்தியார்' என்று அழைத்தார்கள். கட்சி நடத்துகிறவர் பாடம் நடத்துகிறவர். தொண்டன் கீழே உட்கார்ந்து கேட்கிறவன். மேடையிலிருந்து இறங்குகிற குரல் எல்லாம் வகுப்பறைக் குரல். கேள்வியைத் தானே கேட்டு விடையையும் தானே சொல்லிக் கைதட்டலுக்காக நிறுத்துகிற அந்தப் பாணி பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததுதான். இதனால் ஜனங்களுக்குச் சில விஷயங்கள் தெரியவந்தன என்பதை நான் மறுக்கவில்லை. இங்கர்சாலையும் ரூசோவையும் டீக்கடைக்குக் கொண்டுவந்தது ஒரு சாதனை. ஆனால் மாணவனாக உட்கார்ந்தவன் என்றைக்கு எழுந்து நிற்பது? எப்போது பாஸ் ஆவது? ஐம்பது வருஷமாக அதே வகுப்பில் உட்கார்த்தி வைத்திருந்தால் அது கல்வி அல்ல.

பழைய திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை என்று ஒருவன் உண்டு. வாத்தியார் இல்லாத நேரத்தில் வாத்தியாரின் பிரம்பைக் கையில் வைத்துக்கொண்டு மற்ற பையன்களை அதட்டுகிறவன். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் அநாதைப் பிள்ளைகளின் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளே பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நம்முடைய இந்த ஏற்பாட்டைத்தான் சீர்படுத்தி 'மெட்ராஸ் முறை' என்ற பெயரில் இங்கிலாந்துக்குக் கொண்டுபோனார். வாத்தியார் சம்பளம் மிச்சம் என்பதால் அவர்களுக்கும் பிடித்துப்போனது. நம் அரசியலில் நடந்ததும் இதுதான். தலைவர் வாத்தியார் என்றால் மாவட்டச் செயலாளர் சட்டாம்பிள்ளை. வட்டச் செயலாளர் அவனுக்குக் கீழே ஒரு சட்டாம்பிள்ளை. அறிவு கீழே இறங்கியதோ இல்லையோ, பிரம்பு ஒழுங்காக இறங்கியது.

ஆகவே என் குற்றச்சாட்டு இதுதான். நம் ராஜ்ஜியம் ஆசிரியரிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதை எடுக்கவில்லை; விட்டுவைக்க வேண்டியதை எடுத்துக்கொண்டது. அவர் சொல்லுக்கு ஊர் தந்திருந்த நம்பிக்கையைச் சட்டத்தில் ஏற்காமல் விட்டது. அவர் கையிலிருந்த பிரம்பை மட்டும் வாங்கி மேடையிலும் சபையிலும் வைத்துக்கொண்டது.

இதற்கு எதிர்ச்சான்று ஒன்று நம்மிடமே இருக்கிறது. பள்ளிக்கூடத்துக்கு அதிகம் செய்த முதலமைச்சர் வாத்தியார் அல்லர். பள்ளிப் படிப்பை முடிக்காத காமராஜர். 1956-ல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கிவைத்தபோது அவர் யாருக்கும் பாடம் நடத்தவில்லை. பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டார். கற்பிக்கத் தெரிந்த தலைவர்களைவிடக் கேட்கத் தெரிந்த தலைவர் பள்ளிக்கூடத்துக்கு உபயோகமாக இருந்தார் என்பதை 'வாத்தியார் அரசியல்' பக்தர்கள் ஒருபோதும் யோசித்ததில்லை.

சபாநாயகர் நாற்காலிக்கு வருகிறேன். திருநெல்வேலிக்கும் அந்த நாற்காலிக்கும் ஏதோ பூர்வஜன்ம பந்தம். 1962 முதல் 1967 வரை செல்லப்பாண்டியன். வண்ணார்பேட்டை மேம்பாலத்துக்கு அவர் பெயர்தான். 1985 முதல் 1989 வரை சேரன்மகாதேவியின் பி.எச். பாண்டியன். 2006 முதல் 2011 வரை அம்பாசமுத்திரத்தின் ஆவுடையப்பன். 2021-ல் அப்பாவு. இந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதிகம் உச்சரிக்கிற வார்த்தை 'உட்காருங்கள்' என்பதுதான். வகுப்பறையில் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருந்தால் அது ஒழுங்கு. சட்டசபையில் உறுப்பினர்கள் சும்மா உட்கார்ந்திருந்தால் அது சாவு. வகுப்பறையில் வாத்தியாருக்குத் தெரிந்தது பிள்ளைக்குத் தெரியாது. அந்த ஏற்றத்தாழ்வுதான் வகுப்பறையின் நியாயம். சபையில் நாற்காலியில் இருப்பவருக்கு மற்றவர்களைவிட அதிகம் தெரியும் என்று யாரும் சொல்லவில்லை. அவருக்குத் தரப்பட்டது மற்றவர்கள் பேச இடம் உண்டாக்கும் வேலை மட்டுமே. இந்த வித்தியாசம் மறந்துபோனால் என்ன ஆகும் என்பதற்கு 1987 சாட்சி. சபாநாயகருக்கு 'வானளாவிய அதிகாரம்' என்று பேசிய வக்கீல் பாண்டியன் காலத்தில், அட்டையில் ஒரு சிரிப்புப் படம் போட்டதற்காக ஆனந்த விகடன் ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பிச் சீக்கிரமே விட்டுவிட்டார்கள் என்பது வேறு விஷயம். பின்பெஞ்சில் கரிக்கட்டியால் வாத்தியார் படம் போட்ட பையனை முட்டிபோட வைத்ததற்கு மேல் அதில் என்ன இருந்தது? அதைச் செய்தவர் வாத்தியார் இல்லை, வக்கீல் என்பதையும் கவனியுங்கள். பிரம்பு ஒரு தொழிலைச் சேர்ந்தது அல்ல. நாற்காலியில் ஏற்கெனவே சாத்தி வைக்கப்பட்டிருக்கிறது. உட்காருகிறவர் எடுத்துக்கொள்கிறார்.

அப்பாவு அதை எடுத்தாரா? ஒரு சம்பவத்தை மட்டும் பார்க்கிறேன். 2024 பிப்ரவரி 12-ம் தேதி ஆளுநர் ஆர்.என். ரவி அரசு தயாரித்த உரையைப் படிக்க மறுத்து, சில நிமிஷங்களில் உட்கார்ந்துவிட்டார். ஆளுநர் ஆங்கிலத்தில் படித்தபின் சபாநாயகர் தமிழில் படிப்பது வழக்கம். அப்பாவு எழுந்து தமிழ் உரையை முதலிலிருந்து கடைசிவரை படித்தார். அது சரியான காரியம். தேர்ந்தெடுக்கப்பட்ட அரசு எழுதியது சபையின் காதில் விழவேண்டும். பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் பாடம் முழுதாக வாசிக்கப்படவேண்டும். அந்தப் பொறுமை பள்ளிக்கூடத்திலிருந்து வந்தது என்று சொன்னால் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் படித்து முடித்ததும், உரையில் இல்லாத சில வார்த்தைகளை ஆளுநரைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். ஆளுநர் நாட்டுப்பண்ணுக்குக் காத்திராமல் எழுந்து போனார். ஆளுநர் செய்ததற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. அவர் பங்குக்கு ஒரு பிரம்பை அவரும் கொண்டுவந்திருந்தார். ஆனால் நாற்காலி பாடத்தை வாசிக்கலாம், உபதேசம் செய்யக் கூடாது. அரைமணி நேரம் ஆசிரியருக்கு இருந்த கண்ணியத்தைக் கடைசி இரண்டு நிமிஷத்தில் கட்சிக்காரர் வாங்கிக்கொண்டார்.

நம் இலக்கியச் சூழலுக்கும் இதில் பங்கு இருக்கிறது. பாரதி திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்தவர். 1904-ல் மதுரை சேதுபதி பள்ளியில் சில மாதங்கள் தமிழாசிரியர். பிறகு பத்திரிகை, அரசியல், புதுச்சேரி. 1918 கடைசியில் கடலூரில் கைதாகி விடுதலையானபோது, எழுதுவதைப் போலீஸ் அதிகாரியிடம் காட்டி அனுமதி பெற்றுத்தான் வெளியிடவேண்டும் என்ற நிபந்தனைக்குச் சம்மதித்து, பொதிகைக்குக் கிழக்கே கடையத்தில் வந்து இருந்தார். அரசியலுக்குப் பிறகு ஒரு முன்னாள் வாத்தியாருக்குக் கிடைத்த வாழ்க்கை அது. அவரை இன்று பாடப் புத்தகத்தில் வைத்திருக்கிறோம். அந்த நிபந்தனையைப் பாடத்தில் வைக்கவில்லை. அரசாங்கம் ஆசிரியனிடமும் எழுத்தாளனிடமும் தயங்காமல் வாங்கிக்கொள்கிற கையெழுத்து வாயை மூடிக்கொள்வதற்கான கையெழுத்துதான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியவேண்டாம் என்று நினைத்தோம் போலும்.

நம்முடைய விமர்சனமும் இந்த வியாதியிலிருந்து தப்பவில்லை. கவிதைக்கு மதிப்பெண் போடுகிற மதிப்புரைகள், 'இளம் கவிஞர் இன்னும் முயல வேண்டும்' என்று சிவப்பு மையில் அடிக்கோடு இடுகிற முன்னுரைகள், தனக்கென்று நாலு சட்டாம்பிள்ளைகளை வளர்த்துக்கொள்கிற ஆசான்கள். எந்தச் சிறுபத்திரிகையை எடுத்தாலும் இவர்கள் இருக்கிறார்கள். அரசியல் மேடையைப் பார்த்து முகம் சுளிக்கிறவர்கள் தங்கள் பக்கத்தில் அதே பிரம்பைச் சாத்தி வைத்துக்கொண்டால் அந்தச் சுளிப்புக்கு என்ன அர்த்தம்? நமக்குத் தேவை சாட்சி சொல்கிற விமர்சனம். இதைப் படித்தேன், இது எனக்கு இப்படிப்பட்டது, இதன் கீழ் என் பெயர் என்று சொல்கிற விமர்சனம். அதற்குப் பச்சை மை வேண்டாம்.

அப்படியானால் ஆசிரியர் அரசியலுக்கு வரக்கூடாதா என்று கேட்பார்கள். வரட்டும், நிறைய வரட்டும். அரசுப் பள்ளி ஆசிரியர் தேர்தலில் நிற்கவேண்டுமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்றிருப்பதால், வருகிறவர் திரும்பிப்போக வழி இல்லாமல் வருகிறார். திரும்ப வழி இல்லாதவருக்குத் தொகுதி பிழைப்பாகிவிடுகிறது, கட்சி முதலாளியாகிவிடுகிறது. ஐந்து வருஷம் சபையில் இருந்துவிட்டு மறுபடியும் ஏழாம் வகுப்புக்குக் கணக்குச் சொல்லித் தரப் போகிற ஒரு மனிதரை நம்மால் கற்பனை செய்யக்கூட முடிவதில்லை. அப்படிப் போனால் விழுந்த கதை என்போம். ஏறும் கதையையும் விழும் கதையையும் ஒழிக்கவேண்டுமானால் இந்தப் பாதை இரண்டு பக்கமும் திறந்திருக்க வேண்டும். விடுப்பில் போய்விட்டு வேலைக்குத் திரும்ப வழி வேண்டும்.

அரசியலுக்குப் பின் ஒருவருக்கு என்ன மிஞ்சுகிறது என்பதை நாற்காலியை வைத்து அளக்கக் கூடாது. தாமிரபரணியில் வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகிற உபரித் தண்ணீரைக் கன்னடியன் கால்வாயிலிருந்து பிரித்து, கருமேனியாறு, நம்பியாறு வழியாகச் சாத்தான்குளம், திசையன்விளை, ராதாபுரம் பக்கத்து வறண்ட பூமிக்குக் கொண்டுபோகும் திட்டத்துக்கு 2009-ல் 369 கோடி ரூபாய் மதிப்பில் வேலை தொடங்கினார்கள். ஆயிரம் கோடிக்கு மேல் செலவாகி 2025 பிப்ரவரியில்தான் திறந்தார்கள். 2009-ல் ராதாபுரத்தில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளை அதற்குள் பட்டப் படிப்பையும் முடித்திருக்கும். இரண்டு கட்சிகளும் மாறி மாறி ஆண்ட வருஷங்கள் இவை. எத்தனை உரைகள், எத்தனை உபதேசங்கள். கடைசியில் தண்ணீரைக் கொண்டுவந்தது எங்கோ ஒரு கோப்பில் யாரோ போட்ட கையெழுத்துதான். பேச்சுக்கும் கையெழுத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரிய ராதாபுரத்து ஜனங்கள் பள்ளிக்கூடம் போகவேண்டியதில்லை.

நான் கேட்பது பெரிய புரட்சி எதுவும் அல்ல. சான்றொப்பத்துக்கு ஆசிரியர் கையெழுத்து போதும் என்று, அவர் ஆரம்பப் பள்ளியில் இருந்தாலும் சரி, விதிப் புத்தகத்தில் சந்தேகமில்லாமல் ஒரு வரி எழுதட்டும். ஒருவரை அறிந்தவர் சொல்வதுதான் சாட்சி. அந்தஸ்தில் பெரியவர் சொல்வது சாட்சி ஆகாது. இந்த ஒரு வரியை எந்தக் கட்சியும் எழுதும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. ஆசிரியருக்கு மாலை போடச் செலவாகும் பூவைவிட மலிவானது இது. ஆனால் இதைக் கொடுத்தால் கொஞ்சம் அதிகாரமும் கூடவே போய்விடும்.

அந்த 203 பேர் யாருக்கு ஓட்டுப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள எனக்கு ஆசை இல்லை. அவர்கள் எல்லோருமே இன்பதுரைக்குப் போட்டிருந்தாலும் என் வாதம் மாறாது. அவர்கள் ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் இன்னார்தான் என்று, அவர்களைத் தெரிந்த ஒரு தலைமை ஆசிரியர் எழுதித் தந்தார். அதற்கு மேல் என்ன வேண்டும் என்று 2016-லேயே இந்த மாவட்டத்து ஆசிரியர் சங்கங்களும், பத்திரிகைகளும், எழுதுகிறவர்களான நாமும் கேட்டிருக்கவேண்டும். ஒரு வேட்பாளர் தோற்றதால்தான் அது வழக்காயிற்று. அவர் ஆயிரம் ஓட்டில் ஜெயித்திருந்தால் அந்த 203 உறைகளும், அவற்றோடு அந்தத் தலைமை ஆசிரியரின் பெயரும், யார் கண்ணிலும் படாமல் கட்டி வைக்கப்பட்டிருக்கும். மற்ற தொகுதிகளில் அப்படிக் கட்டி வைக்கப்பட்டவை எத்தனை என்று கேட்க நமக்கு இன்னும் அவகாசம் இருக்கிறது.